அரபு மேடைக்கு வந்த அயல் நாடகங்கள்

பிரெஞ்சு நாடகப் பேராசான் மோலியேர் தம் ‘உலோபி’ நாடகத்தைப் பாரிஸில் அரங்கேற்றிய ஆண்டு 1668. அந்த உலோபி மத்தியதரைக் கடலைக் கடந்து, அரபு பேசும் மக்கள் முன்னே வந்து நிற்பதற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் பிடித்தன. அவனைக் கரையேற்றியவர் அரசவையைச் சார்ந்தவர் அல்லர்; பைரூத் நகரின் சுங்க அலுவலகத்தில் எழுத்தராயிருந்து, வணிகத்திலும் ஈடுபட்ட ஒருவர். மாரூன் அந்நக்காஷ் என்பது அவர் பெயர். 1847-ஆம் ஆண்டின் இறுதியில் (1848-இன் தொடக்கம் என்பாரும் உளர்) தம் இல்லத்தையே அரங்காக்கி அவர் நடத்திக் காட்டிய ‘அல்பகீல்’ என்னும் நாடகத்திலிருந்தே புதிய அரபு நாடகத்தின் வரலாற்றை எழுதுவோர் பலரும் தொடங்குவர். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். ஆயினும், அரபு இலக்கியத்தில் சிறிதேனும் பழகியவர் உள்ளத்தில் இயல்பாக எழும் வினா ஒன்றுண்டு; அதற்கு விடை கண்டு மேற்செல்வது நன்று.

கிரேக்கரின் மருத்துவம் அரபுக்கு வந்தது. கணிதமும் வானநூலும் தர்க்கமும் தத்துவமும் வந்தன. பக்தாதின் மொழிபெயர்ப்பாளர்கள் கைபடாத துறை ஒன்றில்லை என்று சொல்லத்தக்க அளவுக்கு அறிவுச் செல்வம் வந்து குவிந்தது. நாடகம் மட்டும் ஏன் வரவில்லை?

நாடகத்தைப் பற்றிய நூல் வந்தது. அரிஸ்தாத்தலீஸின் கவிதையியல் நூலை, 940-இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் என்னும் பக்தாத் அறிஞர் சுர்யானி மொழியிலிருந்து அரபாக்கினார். அந்நூலோ பெரும்பாலும் நாடகத்தைப் பற்றியது. துன்பியல் நாடகம், இன்பியல் நாடகம் என்னும் இரு பெயர்களும் அதில் வரும். நாடக மேடையையே கண்டிராத மத்தா என்ன செய்வார்? முன்னதை ‘மதீஹ்’, அதாவது புகழ்ப்பா என்றும், பின்னதை ‘ஹிஜா’, அதாவது வசைப்பா என்றும் பெயர்த்து வைத்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து அந்நூலுக்கு விளக்கம் எழுதிய குர்துபாவின் மாமேதை இப்னு ருஷ்து (1126–1198) அவர்களும் அதே வழியிற் சென்று, முதனப்பீ போன்ற அரபுக் கவிஞர்களின் பாக்களிலிருந்தே எடுத்துக்காட்டுகளை அடுக்கினார்.

இதனைக் கண்டு நகைப்போர் உண்டு. நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. நாடகத்தின் பாதிதான் ஏட்டில் இருக்கிறது. மறுபாதி நடிப்பவன் உடலிலும், பார்ப்பவன் பழக்கத்திலும் இருக்கிறது. ஒட்டகத்தின் மீதோ கப்பலிலோ ஏற்றி அனுப்பிய ஏடு அந்த மறுபாதியைச் சுமந்து வராது. அதைக் கொண்டுவர ஒரு மனிதன் நேரிற் சென்று, இருக்கையில் அமர்ந்து, விளக்கேற்றித் திரை விலகுவதைக் கண்டு, திரும்பிவர வேண்டும்.

வேடம் புனைந்து பேசும் கலை அரபு மக்களுக்கு அந்நியம் என்று எவரேனும் கூறுவாராயின் அதனையும் நாம் ஏற்பதற்கில்லை. மகாமாத்துல் ஹரீரியை ஓதிய நம் மத்ரஸா மாணவர்கள் அறிவர்: அபூ ஸைது அஸ்ஸரூஜி ஊருக்கொரு வேடம் தரித்து, ஓரூரில் உபதேசியாராகவும் மற்றோரூரில் நொண்டிப் பிச்சைக்காரனாகவும் தோன்றிப் பேசும் பேச்சுகள் ஒவ்வொன்றும் ஒரு நாடகக் காட்சியே. கெய்ரோவில் கண் மருத்துவராயிருந்து 1310-ஐ ஒட்டி மறைந்த இப்னு தானியால் நிழற்கூத்துக்கென்றே மூன்று நாடகங்களை எழுதி வைத்தார். தோலிற் செதுக்கிய உருவங்கள் திரைக்குப் பின்னே ஆட, முன்னே அமர்ந்த கூட்டம் கண்டு களித்தது. ஆகவே விதை இருந்தது. மேடையேறி மனிதர் நடிக்கும் ஐரோப்பிய முறை மட்டுமே இல்லாதிருந்தது.

அம்முறையை அரபு அறிஞர்கள் முதலில் எட்ட நின்றே பார்த்தனர். நெப்போலியனின் படை எகிப்தில் இருந்த காலத்தில், 1800-ஆம் ஆண்டின் இறுதியில், கெய்ரோவின் அஸ்பகிய்யாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நாடகக் கொட்டகை அமைத்தனர். பத்து இரவுகளுக்கு ஒருமுறை அங்கே கூடி, தம் மொழியில் நான்கு மணி நேரம் வேடிக்கை காண்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர் அல்ஜபர்தீ குறித்து வைத்தார். கண்டதைக் குறித்தாரே தவிர, அதிற் கலந்துகொள்ளும் ஆவல் எதுவும் அவரிடம் காணப்படவில்லை. பிறகு 1826-இல் பாரிஸுக்கு அனுப்பப்பட்ட மாணவர் குழுவின் இமாமாகச் சென்ற அஸ்ஹரிப் பட்டதாரி ரிஃபாஆ அத்தஹ்தாவீ, பாரிஸின் நாடகக் கொட்டகைகளை விரிவாகவே வருணித்தார். ஆனால், அதற்கு ஈடான அரபுச் சொல் தமக்கு அகப்படவில்லை என்று அவரும் தயங்கி நின்றார்.

சொல்லைப் பற்றி இங்கு ஒரு செய்தி. இன்று நாடக மேடைக்கு அரபில் வழங்கும் சொல் ‘மஸ்ரஹ்’. கால்நடைகளை அவிழ்த்து மேயவிடும் வெளி என்பது அதன் பழம்பொருள். மாரூனும் அவர் காலத்தவரும் இதனை எழுத்து மாற்றி ‘மர்ஸஹ்’ என்றே எழுதினர். நாடகத்துக்கோ ‘ரிவாயத்’ என்று பெயரிட்டனர். ஹதீஸ் கலையில் அறிவிப்பைக் குறிக்கும் அதே சொல்! புதிய பண்டத்தை இறக்குமதி செய்தவர்கள் அதனை வைக்கப் பழைய பாத்திரங்களையே தேடினர் என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று.

மாரூன் 1817-இல் ஸைதா நகரில் பிறந்தவர், மாரோனியக் கிறித்தவர். 1825-இல் குடும்பம் பைரூத்துக்குக் குடிபெயர்ந்தது. அரபோடு துருக்கி, இத்தாலி, பிரெஞ்சு மொழிகளும் அவருக்கு வயப்பட்டிருந்தன. வணிகத்தின் பொருட்டு ஹலப், திமிஷ்கு, எகிப்து எனச் சுற்றிய அவர் 1846-இல் இத்தாலிக்குச் சென்றார். சரக்கைப் பார்க்கப் போனவர் நாடகத்தைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் நண்பர்களையும் உறவினர்களையும் திரட்டிப் பயிற்றுவித்தார். அந்நிய நாட்டுத் தூதர்களும் ஊர்ப் பெருமக்களும் அழைக்கப்பட்டனர்.

திரை விலகுமுன் அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அரபு நாடகத்தின் முதல் விமரிசனம் என்றே அதனைச் சொல்லலாம். ஐரோப்பாவின் பொன்னை அரபு அச்சில் வார்த்துத் தருவதாகத் தம் முயற்சியை அவர் அதில் வருணித்தார். ஐரோப்பிய நாடகங்களில் வெறும் பேச்சால் நடப்பதும் உண்டு, இசையால் நடப்பதும் உண்டு. பேச்சு நாடகமே எளிது. ஆயினும் தம் மக்களுக்கு இசையே உவக்கும் என்று எண்ணி அதனையே தேர்ந்தேன் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். அவ்வொரு முடிவு அடுத்த எழுபதாண்டுக் கால அரபு மேடையைக் கட்டிப்போட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

‘அல்பகீல்’ மோலியேரின் மொழிபெயர்ப்பே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் அப்படிச் சொல்லார். கரு மோலியேருடையது, உடலோ மாரூனுடையது. கர்ராத் என்னும் கிழ உலோபி, ஹிந்து என்னும் இளம் விதவையை மணக்க ஆசைப்படுகிறான். அவள் தந்தை ஸஅலபீயும் உலோபத்தில் அவனுக்குச் சளைத்தவனல்லன். ஹிந்தின் சகோதரன் காலியும், அவளை விரும்பும் ஈஸாவும் சேர்ந்து கிழவனைச் சூழ்ச்சியால் வீழ்த்துகிறார்கள். சூழ்ச்சியின் ஒரு கட்டத்தில் வேடம் மாறி வருவோர், ஒருவர் எகிப்து நாட்டுக் கொச்சை அரபிலும் மற்றவர் துருக்கி வாடை வீசும் அரைகுறை அரபிலும் பேசுகிறார்கள். பைரூத் மக்கள் அன்றாடம் அலுவலகங்களில் கேட்டுச் சலித்த துருக்கி அரபு அது! மோலியேரின் நாடகத்தில் இந்நகைச்சுவைக்கு இடமே இல்லை. ஒரு நாடகத்தை மற்றொரு நாட்டுக்குக் கொண்டு செல்பவன் எதை விட்டுவிடலாம், எதை உள்ளூரிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம் என்பதை மாரூன் எவரிடமும் பாடம் கேளாமல் அறிந்திருந்தார்.

இரண்டாம் நாடகத்திற்கு அவர் கடல் கடந்து செல்லவில்லை. ஆயிரத்தோரிரவுக் கதைகளிலிருந்து, ஒருநாள் மட்டும் கலீபாவாக இருக்க விரும்பிய அபுல் ஹஸனின் கதையை எடுத்து, ஐரோப்பிய மேடைக்கு ஏற்ப அமைத்தார். 1850 ஜனவரியில் அதனை நேரிற் கண்ட டேவிட் உர்க்கார்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தம் லெபனான் பயண நூலில் அதைப் பற்றி எழுதியுள்ளார். ஐரோப்பிய மேடையில் பார்த்தவற்றை, மேடையின் முன்விளிம்பு விளக்குகளையும், மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பவன் ஒளிந்திருக்கும் சிறு கூண்டையும், தேவை இருக்கிறதா இல்லையா என்று பாராமல் இவர்களும் வைத்திருந்ததாக அவர் குறை கூறுகிறார். குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கலையைக் கண்ணால் மட்டுமே கற்று வந்தவர்களுக்கு, எது உயிர், எது உடை என்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் எப்படித் தெரியும்? பெண் வேடங்களை ஆடவரும் சிறுவருமே தாங்கினர் என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும்.

மாரூன் உஸ்மானிய அரசின் ஃபர்மான் பெற்று, தம் வீட்டுக்கு அருகிலேயே தனி அரங்கு ஒன்றும் அமைத்தார். மூன்றாவது நாடகமும் அரங்கேறிற்று. அவ்வளவுதான். வணிக அலுவலாகத் தர்ஸூஸ் நகருக்குச் சென்றவர் அங்கே காய்ச்சல் கண்டு 1855-இல் காலமானார். வயது 38. அவருடைய அரங்கம் அவர் விருப்பப்படியே தேவாலயமாக மாறியது. அவருடைய தம்பி நிகூலா மட்டும் சோர்ந்துவிடவில்லை. மூன்று நாடகங்களையும் தொகுத்து ‘அர்ஸத்து லுப்னான்’ என்னும் பெயரில் 1869-இல் பைரூத்தில் அச்சிட்டார். அவ்வச்சு இல்லையேல் மாரூனைப் பற்றி இன்று நாம் பேசிக்கொண்டிருக்க இயலாது.

முதல்வர் யார் என்னும் வழக்கில் அண்மைக் காலத்தில் ஒரு புதுச் சாட்சியும் வந்து சேர்ந்துள்ளது. அதே 1847-இல், அல்ஜீரியாவில், ஆப்ரஹாம் தானினோஸ் என்னும் யூதர் எழுதிய அரபு நாடகம் ஒன்று அச்சேறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டெடுத்து 1996-இல் வெளியிட்டனர். முதன்மைப் பட்டத்தை யாருக்குச் சூட்டினாலும் நமக்கு வழக்கில்லை. தானினோஸின் நாடகம் ஏட்டோடு நின்றது போலும். மாரூனுடையது பரம்பரையை உண்டாக்கிற்று.

அப்பரம்பரையின் வாரிசுதான் மாரூனின் சகோதரர் மகன் ஸலீம் அந்நக்காஷ். 1850-இல் பிறந்தவர். சிறிய தந்தையோ பெரிய தந்தையோ, மாரூன் ஒரு நாட்டு நாடகத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார் என்றால், ஸலீம் அதைவிடக் கடினமான செயலைத் துணிந்தார்: நாடகத்தையும் நடிகரையும் ஒருசேரக் கப்பலேற்றி வேறொரு நாட்டுக்குக் கொண்டு சென்றார். அந்நாடு எகிப்து.

அன்றைய எகிப்தின் நிலையை அறியாமல் ஸலீமின் துணிவை அளக்க முடியாது. கெதீவ் இஸ்மாயீல், சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவை ஒட்டிக் கெய்ரோவில் ஆப்பரா மாளிகை ஒன்றைச் சில மாதங்களில் எழுப்பினார். 1869 நவம்பர் 1-ஆம் நாள் வெர்டியின் ‘ரிகலெட்டோ’வுடன் அது திறக்கப்பட்டது. எகிப்துக்கென்றே ஓர் இசை நாடகம் வேண்டும் என்று விரும்பிய கெதீவ், வெர்டிக்கு ஒன்றரை இலட்சம் பிராங்கு கொடுத்து ‘ஐதா’வை எழுதுவித்தார். பழம்பொருள் ஆய்வாளர் மரியேத் கதையைத் தந்தார். பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் பாரிஸ் முற்றுகைக்குள்ளாக, அங்கே தயாரான திரைகளும் உடைகளும் வெளியே வர வழியின்றிக் கிடந்தன. நாடகம் தள்ளிப்போய் 1871 டிசம்பர் 24-இல்தான் அரங்கேறிற்று. எகிப்தின் பெருமையைப் பாடும் அந்நாடகம் இத்தாலிய மொழியில் இருந்தது. கெய்ரோ மக்களில் எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த ‘ஐதா’வை அரபாக்கியவர் ஸலீம். பைரூத்தில் இருந்துகொண்டே அதனைச் செய்து 1875-இல் அச்சிட்டார். உரையும் செய்யுளும் விரவி, அரபு மெட்டுகளுக்கு இசைய எழுதினார். எகிப்து நாட்டுக் கதை, பிரெஞ்சுக்காரர் மூளையில் உதித்து, இத்தாலியர் இசையில் ஏறி, லெபனான் இளைஞரின் எழுதுகோல் வழியாக அரபு மொழிக்குத் திரும்பி வந்தது! இவ்வளவு தூரம் சுற்றி வந்த பிறகே தன் வீட்டு வாசலில் தன் மொழியில் அது பேசக் கற்றது.

1875-இல் எகிப்துக்குச் சென்ற ஸலீம், ஆப்பரா மாளிகையின் தலைவரான திரானேத் பே அவர்களோடு பேசி ஆதரவைப் பெற்றார். (இந்தத் திரானேத், சைப்ரஸ் நாட்டுக் கிரேக்கர். தமக்கு வேதியியல் கற்பித்த ஆசிரியர் தெனார் என்பவரின் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதித் தம் பெயராக்கிக் கொண்டவர். ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லாமல் செல்ல மனமில்லை.) அதே ஆண்டில் ‘அல்ஜினான்’ இதழில் நாடகங்களின் பயன் குறித்து ஸலீம் ஒரு கட்டுரையும் எழுதினார். கூத்தடிப்பவன் என்று பெயர் கேட்க அஞ்சிய குடும்பத்துப் பிள்ளை தன் செயலுக்கு நியாயம் கூறும் குரல் அதிற் கேட்கிறது.

1876-இன் இறுதியில் பன்னிரண்டு நடிகரும் நான்கு நடிகையரும் கொண்ட குழுவோடு அவர் இஸ்கந்தரிய்யாவில் வந்திறங்கினார். நடிகையரோடு வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்; மாரூன் நினைத்தும் பார்த்திராத மாற்றம் அது. ஸிஸினியா அரங்கில் பெரியவரின் ‘அபுல் ஹஸன்’ நாடகம் முதலில் நடந்தது. கார்னேயின் ‘ஹொராஸ்’ நாடகம் ‘மைய்’ என்னும் பெயரோடு அரபு உடை தரித்து வந்தது. மைய் என்றதும் அரபுக் கவிதை அறிந்தவர்க்குக் கவிஞர் துர்ரும்மாவின் காதலி மைய்யா நினைவுக்கு வருவாள். உரோமாபுரிக் கதைக்கு அப்பெயர் சூட்டியவரின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது. துணைக்குத் தம் நண்பர் அதீப் இஸ்ஹாகையும் ஸலீம் வரவழைத்தார். ரஸீனின் ‘ஆந்த்ரொமாக்’ நாடகத்தை ஏற்கெனவே பைரூத்தில் அரபாக்கியிருந்தவர் அவர்.

வந்த நேரம்தான் பொல்லாத நேரம். கெதீவின் கஜானா காலி. கால்வாயில் தமக்கிருந்த பங்குகளை 1875-லேயே பிரிட்டனுக்கு விற்றாயிற்று. 1876-இல் அந்நியக் கடன்காரர்கள் எகிப்தின் வருவாயைக் கண்காணிக்கக் கடன் ஆணையம் அமைத்துவிட்டனர். வெர்டிக்கு ஒன்றரை இலட்சம் பிராங்கு அளந்த கை, அரபுக் குழுவின் முறை வந்தபோது சுருங்கியிருந்தது. பார்வையாளர் கூட்டமும் எதிர்பார்த்த அளவுக்குச் சேரவில்லை. இலக்கண சுத்தமான அரபில், சிரிய நாட்டு உச்சரிப்பில், பிரெஞ்சுத் துன்பியல் கதைகளை இஸ்கந்தரிய்யாவின் கடைவீதிக்காரர் எவ்வளவு நேரம் கேட்டிருப்பார்?

இதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, 1870 முதல் 1872 வரை, கெய்ரோவில் யஅகூப் ஸனூஉ என்னும் யூத எழுத்தாளர் மக்கள் பேச்சுமொழியிலேயே நாடகம் நடத்தினார் என்பர். கெதீவே தம்மை எகிப்தின் மோலியேர் என்று அழைத்ததாகவும் அவர் சொல்லிக்கொள்வார். அவரைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி அவரே தம் வாயாற் கூறியதாதலால் ஆய்வாளரிடையே சச்சரவு ஓயவில்லை. அதனுள் நாம் நுழைய வேண்டா.

ஸலீமும் அதீபும் ஓராண்டுக்குள் நாடகத்தைக் கைவிட்டனர். அப்போது கெய்ரோவில் இருந்த ஜமாலுத்தீன் அஃப்கானியின் அணுக்கம் அவர்களைப் பத்திரிகைத் துறைக்கு இழுத்தது. 1877-இல் ‘மிஸ்ர்’, அடுத்த ஆண்டில் ‘அத்திஜாரா’ என இதழ்கள் பிறந்தன. உராபிப் புரட்சியின் வரலாற்றை ‘மிஸ்ரு லில் மிஸ்ரிய்யீன்’ என்னும் பெரு நூலாக ஸலீம் வெளியிட்ட 1884-ஆம் ஆண்டே அவர் இறந்த ஆண்டுமாயிற்று. அடுத்த ஆண்டு அதீபும் காசநோய்க்கு இரையானார். முன்னவருக்கு வயது 34, பின்னவருக்கு 29. மாரூன் 38-இல் சென்றதையும் எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது.

கைவிடப்பட்ட குழுவை யூஸுஃப் கய்யாத் என்பவர் ஏற்று நடத்தினார். 1879-இல் ஸலீமின் ‘அஸ்ஸலூம்’ (கொடுங்கோலன்) நாடகத்தைக் கெதீவின் முன்னிலையில் கய்யாத் நடத்தியதாகவும், கொடுங்கோலன் என்றது தம்மையே என்று வெகுண்ட கெதீவ் அவரை நாட்டைவிட்டே விரட்டியதாகவும் நூல்கள் கூறும். அது மெய்யோ, பிற்காலத்தார் கட்டியதோ? கெதீவ் மட்டும் அவ்வாண்டு ஜூன் திங்களில் அரியணையிழந்து நாட்டைவிட்டுச் சென்றது மெய்.

இனி, இக்கதையில் நம்மவர் ஒருவரின் பங்கு. திமிஷ்கு நகரத்து அபூ கலீல் அல்கப்பானி முஸ்லிம், பள்ளிவாசல் பாடவட்டங்களில் பயின்றவர், இசையில் தேர்ந்தவர். கப்பான் என்பது பெரிய எடைக்கோல். எடைபோடும் தொழிலால் வந்த பெயர் அது. ஆளுநர் மித்ஹத் பாஷாவின் (1878–1880) ஊக்கத்தோடு அவர் திமிஷ்கில் நாடகங்களை நடத்தினார். ரஸீனின் ‘மித்ரிதாத்’ கூட அவர் கைபட்டு அரபுப் பாடலாயிற்று. ஊர் இரண்டுபட்டது. ஷைகு ஸயீத் அல்கப்ரா என்பவர் இஸ்தான்பூல் வரை சென்று சுல்தான் அப்துல் ஹமீதிடம் முறையிட்டு, அரங்கை மூடச் செய்தார் என்று கூறுவர். மீசை முளைக்காச் சிறுவரைப் பெண்ணாக்கி ஆடவிடுவதும், கலீபா ஹாரூன் ரஷீதை நகைப்புக்குரிய மேடையில் நிறுத்துவதும் அவர் சொன்ன குற்றங்கள்.

ஷைகு அவர்களை மூடர் என்று எழுதிவிடுவது இன்று எளிது, பலர் எழுதியுமுள்ளனர். ஊரின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பேற்ற ஓர் ஆலிம், இரவில் கூடும் கூட்டத்தைக் கண்டு கவலையுற்றது குற்றமன்று. ஆனால் முறையீடு சுல்தான் வரை போகுமுன் கப்பானியை அழைத்து, இதை இப்படி மாற்றிச் செய்யும் என்று ஒரு வார்த்தை கூறியிருக்கலாமே என்பதே நம் ஆதங்கம். கப்பானி மார்க்கத்தை அறியாதவர் அல்லரே!

வாழ்ந்த ஊரில் கதவடைக்கப்பட்ட கப்பானி 1884-இல் குழுவோடு இஸ்கந்தரிய்யா சென்றார். ஜூன் திங்களில் தன்யூப் காப்பிக் கடையில் முதல் நாடகம் நடந்தது. ஸலீம் தோற்ற ஊரில் இவர் வென்றார். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கார்னேயையும் ரஸீனையும் முன்னே நிறுத்தாமல், ஹாரூன் ரஷீதையும் அன்தராவையும் முன்னே நிறுத்தினார். பாட்டும் கூட்டு நடனமும் நிறைத்தார். ஐரோப்பிய மேடை அமைப்பு இருந்தது. அது அயல்நாட்டுப் பண்டம் என்பதே பார்வையாளருக்கு மறந்துபோயிற்று.

1893-இல் அவர் இன்னும் தூரம் போனார். கொலம்பஸ் கடல் கடந்த நானூறாம் ஆண்டு விழாவாகச் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், துருக்கிக் கிராமம் என்று அமைத்த பகுதியின் அரங்கில் கப்பானியின் குழு நடித்தது. இதுவரை மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்த சரக்கு, இப்போது கிழக்கிலிருந்து மேற்குக்குப் போயிற்று. வந்த அமெரிக்கக் கூட்டம் பெரிதும் மொய்த்ததோ பக்கத்திலிருந்த கெய்ரோ வீதியில், ஒட்டகச் சவாரியையும் நடனத்தையும் காண. அன்தராவின் வீரமொழியை அரபில் கேட்டு உணரத்தக்கவர் அங்கே எத்தனை பேர்? அப்பயணத்தின் செய்திகளை அண்மையில் சிரிய ஆய்வாளர் தைஸீர் கலஃப் தேடித் தொகுத்து நூலாக்கியது நற்பணி. கெய்ரோ திரும்பிய கப்பானி சொந்த அரங்கு ஒன்றைக் கட்டினார்; 1900-இல் அது தீக்கிரையாயிற்று. திமிஷ்குக்கே மீண்டு, அங்கேயே 1903-ஐ ஒட்டி இறந்தார். கவிஞர் நிஸார் கப்பானி அக்குடும்பத்தவரே.

மாரூன் முதல்நாள் சொற்பொழிவில் எடுத்த முடிவு என்னவாயிற்று என்று கூறுவதாகச் சொன்னோம். இசைக்குப் பழகிய கூட்டம் இசையில்லாத நாடகத்தை ஏற்க மறுத்தது. இஸ்கந்தரிய்யாவில் குர்ஆன் ஓதுபவராகவும் முஅத்தினாகவும் இருந்து, பின் மேடைக்கு வந்த ஷைகு ஸலாமா ஹிஜாஸி (1852–1917) அன்றைய தன்னிகரற்ற குரல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தான்யூஸ் அப்துஹு ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டை அரபாக்கியபோது, நாயகனைச் சாகவிடாமல் அரியணையில் ஏற்றி முடித்தார், இடையிடையே பாடல்களும் சேர்த்தார். பிற்பாடு பாடலின்றி ஹாம்லெட்டாக நடித்துப் பார்க்க ஹிஜாஸி முயன்றபோது கூட்டம் கூச்சலிட்டதென்றும், வேறு வழியின்றிக் கவியரசர் அஹ்மத் ஷவ்கியிடம் ஹாம்லெட்டுக்காக ஒரு பாட்டு எழுதி வாங்கினாரென்றும் சொல்வர். தந்தையின் ஆவி வந்து பழிவாங்கச் சொல்லும் வேளையில் பாட்டா என்று கேட்கலாம். பணம் கொடுத்து உள்ளே வந்தவன் பாட்டைத்தானே கேட்க வந்தான்!

இந்நிலையை மாற்ற எண்ணியவர் ஜோர்ஜ் அப்யத். பைரூத்தில் 1880-இல் பிறந்தவர். கெதீவ் அப்பாஸின் செலவில் 1904-இல் பாரிஸுக்குச் சென்று நடிப்புப் பயின்றவர். 1912-இல் கெய்ரோ ஆப்பரா மாளிகையில் அரபுக் குழுவோடு அவர் மேடையேறினார். ஃபரஹ் அந்தூன் மொழிபெயர்த்த ‘ஈடிபஸ் மன்னன்’ நடந்தது. கலீல் முத்ரான் மொழிபெயர்த்த ‘ஒதெல்லோ’ நடந்தது. பாட்டு இல்லை, கதையைத் திருத்தவில்லை. அரிஸ்தாத்தலீஸ் தம் கவிதையியலில் துன்பியல் நாடகத்துக்கு எடுத்துக்காட்டாக மீண்டும் மீண்டும் சுட்டுவது இந்த ஈடிபஸ் மன்னனைத்தான். மத்தா இப்னு யூனுஸ் புகழ்ப்பா என்று பெயர்த்து வைத்த பொருள், ஆயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்து, அரபு மொழியில் கண்ணுக்கு முன் நடமாடிற்று.

படித்தவர்கள் வியந்து பாராட்டினர், இதழ்கள் புகழ்ந்தன. நுழைவுச் சீட்டுப் பெட்டி மட்டும் நிரம்பவில்லை. ஹிஜாஸியோ 1909-இல் திமிஷ்கில் பக்கவாதத்தால் தாக்குண்டு, உடல் தளர்ந்தும் குரல் தளராதிருந்தார். 1914-இல் அப்யத் தம் குழுவை ஹிஜாஸியின் குழுவோடு இணைத்துக் கொண்டார். விளம்பரங்களில் இருவர் பெயரும் சேர்ந்து வெளிவந்தன. ஒரே மேடையில் ஒருவர் நடித்தார், மற்றவர் பாடினார்.